மேஜையின் இரண்டு பக்கம்

கேள்வி: நேற்றுவரை அரசு வக்கீலாக இருந்து கொலையாளிகளுக்குத் தண்டனை கேட்டவர், இன்று இன்னொரு கொலையாளிக்காக, "இவர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்" என்று வாதாடுகிறாரே! மனசாட்சி உறுத்தாதா?
- வாசகர், அரூர்

பதில்: 'கொலையாளி' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், பிறகு நீதிபதி எதற்கு? 7 ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தவரை செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீலாக்கலாம். கோட்டையில் ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவர் நாற்காலியும் மாறும். மேஜைக்கு எதிர்ப்பக்கம் போவார். சட்டப் புத்தகம் அதேதான்.

உங்கள் பக்கத்து வாச்சாத்தியையே எடுங்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து ஆடிய வெறியாட்டம். வழக்கமாகக் குற்றம் சாட்டும் காக்கிச்சட்டைகளே கூண்டில் நின்றன. மொத்தம் 269 பேர். அவர்களுக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்களைக் குறுக்கு விசாரணையும் செய்தார்கள். கேட்கவே கசக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையும் தாங்கி நின்ற சாட்சியத்தை அசைப்பது லேசில்லை. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் 215 பேரைத் தண்டித்தது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

உறுத்த வேண்டியது முதல் தீர்ப்புக்கே ஆன 19 ஆண்டுகள். மீதி 54 பேர் அதற்குள் எந்த நீதிபதியும் மறுக்க முடியாத வாய்தா வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.