யாளிக்கு என்ன வேலை?

வாடா பேராண்டி. பட்டணத்துல படம் போடப் படிச்சிட்டு வந்து யாளி வரைஞ்சிருக்கியாமே, காட்டு. அடேங்கப்பா! ரெண்டு ரெக்கை, நாலு கொம்பு, முதுகெல்லாம் முள்ளு, வாயில நெருப்பு வேற. இத்தனையும் சுமந்துக்கிட்டு இந்தக் கோழிக்கால்ல எப்படிடா நடக்கும்? பாவம், உக்கார வெச்சிக் கஞ்சி ஊத்து.

உனக்குப் புத்தி சொல்ல நான் யாரு? நீ தப்பாப் போட்டா ஒரு விரலால தட்டி அழிச்சிடுவே. பல்லவன் காலத்துச் சிற்பிக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பாறையில மூக்கு பேந்தா பேந்ததுதான். அதனால பாவி மனுசன், உளியைத் தொடுறதுக்கு முன்னாடியே யோசிச்சித் தொலைச்சான்.

சாளுவன்குப்பத்துல புலிக்குகை இருக்கே, போயிருக்கியா? அங்க புலியும் இல்ல, பேருக்கேத்த குகையும் இல்ல. பேரு வெச்சவன் உன் கூட்டாளியா இருப்பான். மாடத்தைச் சுத்தி 11 யாளித் தலை. உடம்பே கிடையாது. நெருப்பும் கக்கல. பொழுது சாயுற நேரத்துல தனியா எதிர்ல நின்னு பாரு, பெரிய சூரனே!

மாமல்லபுரம் மலை மேல மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கும் போ. அங்க அசுரனுக்கு எருமைத் தலை, மனுச உடம்பு. ரெண்டே சரக்கு. அம்மன் எட்டுக் கையோட சிங்கத்து மேல வர்றா. இவன் பின்னால சாயுறான், ஆனா கையில இருக்கிற கதாயுதத்தை மட்டும் விடல. பயமும் வீம்பும் அந்த நிலையிலயே தெரியுது. உன் யாளிக்குக் கோவமா, பசியா, இல்ல செல்போன்ல சார்ஜ் தீந்துபோச்சா? அதே மண்டபத்துச் சிங்கம்கூடத் தூணுக்கு அடியில உக்காந்து பாரம் தாங்குது. உன்னுது என்ன வேலை பாக்குது? உன்னை மாதிரியே சும்மாவா?

இதெல்லாம் அந்தச் சிற்பிங்களுக்கு எப்படி வந்துச்சு? அதே மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்துல ஒரு மான், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் பாரு. அதே பாறையில ஒரு பூனை கையைத் தூக்கித் தபசு பண்ணுது, சுத்தி எலிங்க. யுனெஸ்கோக்காரன் 1984ல வந்து பாரம்பரியச் சின்னம்னு சொல்றதுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடி, யாரோ ஒருத்தன் மான் சொறியிறதைப் பொறுமையா உக்காந்து பாத்திருக்கான். கண்ணால கண்டதை ஒழுங்காச் செதுக்கினவன், காணாததைச் செதுக்கினாலும் ஊரு நம்புது. நீ கடைசியா மாடு பாத்தது பால் பாக்கெட் மேல.

சிங்கத்து உடம்பு, யானைத் துதிக்கை, அது போதும்டா யாளிக்கு. துதிக்கை முகத்துல எங்க ஒட்டுது, பாரம் எந்தக் காலு மேல இறங்குதுன்னு சரியாப் போடு. மிச்சத்தைப் பாக்குறவன் பயமே வரைஞ்சிக்கும்.

போ, கொட்டாயில நிக்கிற எருமையை நாலு நாளு வரைஞ்சி பழகு. அது அசையாம நிக்கும், கூலியும் கேக்காது, உன் படத்தைப் பாத்துச் சிரிக்கவும் சிரிக்காது.