பெரட்டு

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று. லயங்கள் பாதி இடிந்தாயிற்று. பெரட்டு மட்டும் நிற்கவில்லை. அன்று விடியுமுன் கிராணி பேர் கூப்பிட்டார். இன்று இருட்டியபின் ரோட் பிளாக்கில் போலீஸ்காரர் கூப்பிடுகிறார். அன்று வராதவனுக்குச் சம்பளம் இல்லை. இன்று வந்தவனுக்குத்தான் வினை.

அந்தப் போலீஸ்காரர்களின் கண்ணை என்ன சொல்லிப் புகழ்வது! மோட்டார் சைக்கிளில் வரும் பையனின் முகம் ஹெல்மெட்டுக்குள், கை உறைக்குள். மிச்சமிருக்கும் ஒரு சாண் கழுத்தின் நிறத்திலேயே குலம், கோத்திரம், கும்பல் நம்பர் எல்லாம் படித்துவிடுகிறார்கள்.

கணக்கிலும் புலிகள். 2013இல் நாட்டில் குண்டர்கள் 40,313 பேர், அதில் இந்தியர் 28,926 பேர் என்று அறிவித்தார்கள். ரகசியக் கும்பல், சந்தா ரசீது இல்லை, ஆண்டுக் கூட்டம் இல்லை. ஆனாலும் கடைசி ஆறு பேர் வரை எண்ணியிருக்கிறார்கள்! இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இன்றி, சிவப்பு ஐ.சி. அடையாள அட்டையோடு சாகும் தோட்டத்துக் கிழவியின் பேர்தான் எந்த ஏட்டிலும் அகப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், பக்கத்து மலாக்காவில், அன்றைய உள்துறை அமைச்சர் ஸாஹிட் ஹமிடி, குண்டர்களை முதலில் சுடுவதே சரி என்றார். கூட்டியாயிற்று, கழிக்க வேண்டாமா?

லாக்கப்பில் நம் ஆட்களைக் கொல்வது போலீஸ் அல்ல, அவரவர் உறுப்புகளே. 2009இல் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் குகன் என்பவர் இறந்தபோது முதலில் மாட்டியது நுரையீரல், உள்ளே நீராம். அடிபட்டதைக் கண்டுபிடிக்க இரண்டாவது பிரேதப் பரிசோதனை வேண்டியிருந்தது. 2013 ஜூன் 1, நம்ம மாநிலத்துத் தம்பின் ஊர் லாக்கப். கருணாநிதி, 42 வயதுப் பொறியாளர். இம்முறை ஈரலில் கொழுப்பு. உடம்பில் 49 காயங்கள். கொழுப்பு உள்ளேயிருந்து உதைத்திருக்கும்! 2015இல் மரண விசாரணை நீதிமன்றம் போலீஸாரையும் உடனிருந்த கைதிகளையும் பொறுப்பாக்கியது, ஈரல் விடுதலை.

போலீஸைக் கண்காணிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டுமென்று அரச விசாரணை ஆணையம் சொன்னது 2005இல். பதினேழு வருஷம் ஊறப்போட்டு, தண்டிக்கும் அதிகாரமில்லாத ஒன்றை 2022இல் சட்டமாக்கினார்கள். அதுவும் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, முன்கூட்டியே சொல்லியனுப்பித்தான் லாக்கப் பக்கம் வரவேண்டும். வீட்டைக் கூட்டித் துடைக்க அவகாசம் வேண்டுமல்லவா?

லயத்து வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கும் மகனிடம் அம்மா கேட்கிறாள்: "ஐ.சி. எடுத்துக்கிட்டியாடா?" சாப்பிட்டாயா என்பது அப்புறம்தான்.