கப்பல் திரும்பியது, கணக்குத் திரும்பவில்லை

1784-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' என்னும் கப்பல், ஏறக்குறைய 30 டன் ஜின்செங் வேரைச் சுமந்து, நியூயார்க் துறைமுகத்தினின்றும் சீனத்துக் காண்டன் நகரை நோக்கிப் பாய் விரித்தபோது, அதற்கு மூலதனமிட்ட கனவான்கள், கப்பல் கரை சேரும்வரையிலேனும் தமக்குள் சிநேகத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அத்தனை பொறுமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. கப்பல் திரும்புவதற்குள்ளேயே, கூட்டாளிகளுள் ஒருவரான டேனியல் பார்க்கர், கடன் கொடுத்தோரின் தரிசனத்தைத் தவிர்க்கும் பொருட்டு, ஐரோப்பாவுக்குத் தாமே ஏற்றுமதியாகிவிட்டார். மறு ஆண்டு மே மாதத்தில் தேயிலையும் பட்டும் பீங்கானுமாகக் கப்பல் வந்து சேர்ந்து, இலாபத்தையும் ஈட்டித் தந்தது. ஆயினும் பார்க்கர் மீது சக கூட்டாளி ஜான் ஹோல்க்கர் தொடுத்த கூட்டு வியாபாரக் கணக்கு வியாஜ்ஜியம், 1813-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் படிகளை ஏறிற்று. சுதந்திரப் போருக்கே பணம் புரட்டிக் கொடுத்த மற்றொரு பங்காளி ராபர்ட் மாரிஸோ, பிற்காலத்தில் நில வியாபாரத்தில் நொடித்து, 1798-இல் பிலடெல்பியாவின் கடனாளிச் சிறையில் குடிபுகுந்து, ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அங்கேயே விருந்தளிக்கும் பாக்கியம் பெற்றார். சீனம் சென்று மீளக் கப்பலுக்குப் பதினைந்து மாதங்கள் போதுமாயிருந்தன. பேரேட்டின் ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் சேரக் கூட்டாளிகளுக்கோ ஆயுளே போதவில்லை.