சாய்பல்லவி நம்பர் கெடைச்சுதா தம்பி?

வாடா தம்பி, இப்படித் திண்ணையில ஒக்காரு. கண்ணு என்னா இப்படி செவந்து கெடக்குது? ராத்திரி மறுபடியும் 'அமரன்' பாத்தியா? பாரு, வேணாங்கல. அழுதியா? அழு, அதையும் வேணாங்கல. அழுத மூஞ்சிய செல்போன்ல புடிச்சி ஸ்டேட்டஸ் வச்சியாமே, அதுக்குத்தான் கூப்புட்டேன். கண்ணுல தண்ணி வர்ற நேரத்துல கேமராவ எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்கு எப்படிடா ஞாபகம் வந்துது?

படத்தக் கொறை சொல்ல வரல. பேரன் வூட்டு டிவியில போட்டு வுட்டான். மல்லாட்டைய உரிச்சிகிட்டே பாத்தேன். பாதிக்கு மேல மல்லாட்டை முறத்துலயே கெடந்துது. அவ்வளவு நல்லாத்தான் எடுத்திருக்கான் அந்த ராஜ்குமார் பெரியசாமி. சிவகார்த்திகேயனும் ஒடம்ப ஏத்திகிட்டு, பகடிய வுட்டுட்டு நடிச்சிருக்கான். எனக்குப் படத்து மேல வழக்கு இல்ல. பாத்தவன் மேலதான் வழக்கு.

மேஜர் முகுந்த் வரதராஜன்னா யாரு? தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில படிச்ச புள்ள. ராஜபுத்திர ரெஜிமென்ட்டுல அதிகாரி. காஷ்மீர்ல 44 ராஷ்டிரிய ரைபிள்ஸுல இருந்தப்ப, 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி சோபியான் பக்கத்துல தீவிரவாதிங்களோட நடந்த சண்டையில உசுர வுட்டாரு. மறு வருசம் குடியரசு நாளன்னிக்கு அசோக சக்ரா குடுத்தாங்க. அந்தம்மா இந்து ரெபேக்கா வர்கீஸ் டெல்லியில நின்னு வாங்கினாங்க. புருசன் செத்த நேரத்துலயே அந்தம்மா சொல்லிட்டாங்க, நாடு பாக்க வேண்டியது அவர, என் துக்கத்த இல்லன்னு.

கேட்டியா? தாலி கட்டின பொஞ்சாதி தன் அழுகைய மறைச்சிகிட்டா. டிக்கெட் வாங்கின நீ உன் அழுகைய ஊருக்கெல்லாம் காட்டற. சாவு வூட்டுக்கு வந்தவன் பொணத்தப் பாக்காம நெலைக்கண்ணாடியில தலைய சீவிகிட்ட மாதிரிதான இருக்குது?

நீ ஒருத்தன் மட்டும் இல்ல. 2024 தீபாவளிக்குப் படம் வந்துது. தியேட்டர் வாசல்ல மைக்கப் புடிச்சிகிட்டு யூடியூப்காரன் நின்னான். மொத ஆட்டம் வுட்டு வெளிய வந்தவன் ஒவ்வொருத்தன் வாயிலயும் மைக்க நீட்டினான். ஒருத்தன் தேம்பறான். ஒருத்தன் சல்யூட் அடிக்கறான். யாருக்குடா அடிக்கற? மைக்குக்கா? இன்னொருத்தன் "வார்த்தையே வரல ப்ரோ"ன்னு சொல்லிட்டு பத்து நிமிசம் பேசறான். அடுத்த மாசமே தயாரிப்பாளருங்க கூடி, இந்த மைக்குக்காரங்கள தியேட்டருக்குள்ள வுடாதீங்கன்னு கேட்டுகிட்டாங்க. அது வேற படத்துல பட்ட அடி. ஆனா வைத்தியம் எல்லாருக்கும் சேத்துத்தான்.

இத வுட ஒரு கூத்து இருக்குது. படத்துல அந்தப் பொண்ணு சாய்பல்லவி ஒரு தாள்ல போன் நம்பர எழுதி, கசக்கித் தூக்கிப் போடுது. பத்து நம்பரும் பளிச்சுன்னு தெரியுது. உன்னாட்டம் பசங்க என்னா பண்ணானுவ? இருட்டுல ஒக்காந்து அத எழுதிகிட்டானுவ. வூட்டுக்கு வந்து போன் போட்டானுவ. "ஹலோ, சாய்பல்லவிங்களா?" எடுத்தது யாரு? சென்னையில இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன். நெசமாவே அது அவன் நம்பரு! ராத்திரி பகல்னு இல்லாம அழைப்பு. படிக்க முடியல, தூங்க முடியல. ஒரு கோடியே பத்து லட்சம் குடுன்னு நோட்டீஸ் வுட்டான், ஐகோர்ட்டு வரைக்கும் போனான். அப்பறம்தான் படத்துல அந்த நம்பர அழிச்சாங்க.

யோசிச்சிப் பாரு. ஒரு சிப்பாய் செத்த கதையப் பாக்கறான். பாத்துட்டு அவன் மனசுல தங்கினது என்னா? பத்து நம்பரு! நீயும் அடிச்சியா? தலைய ஏண்டா குனியற?

அப்பறம் சாதி ஆராய்ச்சி. அந்த மேஜரு என்னா சாதி, அத ஏன் படத்துல காட்டல, மறைச்சிட்டான், ஒளிச்சிட்டான்னு ஒரு கும்பல் கெளம்பிச்சு. டைரக்டரு மேடையேறி, குடும்பத்துக்காரங்க கேட்டுகிட்டது இது, அவர இந்தியனா தமிழனாத்தான் காட்டச் சொன்னாங்கன்னு பதில் சொல்ல வேண்டியதா போச்சு. பெத்தவங்களுக்கு வேணாம், பொஞ்சாதிக்கு வேணாம், உனக்கு மட்டும் என்னாத்துக்கு? பொண்ணு குடுக்கப் போறியா?

சாதி கேட்டவன் எவனாச்சும் இன்னொரு பேரக் கேட்டானா? அதே சண்டையில சிப்பாய் விக்ரம் சிங்னு ஒருத்தரும் செத்தாரு. அவர் பேரு உனக்குத் தெரியுமா? தெரியாது. போஸ்டர்ல இல்லாதவன் பேரு எவனுக்குத் தெரியும்? அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பரங்கிப்பேட்டை இருக்குதே. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் வெள்ளக்காரன் அயர் கூட்டும் அங்கதான் மோதிகிட்டாங்க. வெள்ளக்காரன் கட்சியில துப்பாக்கி புடிச்சதுல முக்காவாசி நம்ம நாட்டு சிப்பாய்ங்க. அதுல ஒரு பேரு சொல்லு பாப்பம்? நீ பரங்கிப்பேட்டைக்குப் போறதே நண்டு வாங்கத்தான். போவட்டும், அது பழைய கதை.

காஷ்மீர் சனங்களக் காட்டின விதம் சரியில்லன்னு ஒரு பக்கத்துக்காரங்க கேட்டாங்க. அது கேக்க வேண்டிய கேள்விதான். கேளு, எழுது, கூட்டம் போடு. ஆனா மேலப்பாளையத்துல தியேட்டர் மேல பெட்ரோல் குண்டு வீசினானுவளே, அத எந்தக் கணக்குல எழுதறது? சண்டைப் படம் புடிக்கலன்னு சண்டை போட்டானா?

டீக்கடையில ஒரு நிபுணர் இருக்காரு பாத்தியா, அவரத்தான் எனக்கு ரொம்பப் புடிக்கும். "அந்தத் துப்பாக்கி அந்த வருசத்துல கெடையாதுங்க. முடிய இவ்வளவு வளக்க வுட மாட்டான்க. ரியலிஸ்டிக்கா இல்ல"ங்கறாரு. அவரு வாழ்க்கையில புடிச்ச ஒரே துப்பாக்கி தீபாவளி கேப்பு துப்பாக்கி. அதுலயும் பாதி வெடிக்காது. ராஜபுத்திர சிப்பாய்ங்க பஜ்ரங்பலி பேரச் சொல்லிக் கத்தறது அவருக்கு ஆவல. ஏங்க, ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒரு முழக்கம் உண்டு. அவங்களுக்கு அது. கூர்க்காவுக்கு 'ஆயோ கூர்க்காலி'. வெலிங்டன்ல இருக்குதே நம்ம மெட்ராஸ் ரெஜிமென்ட்டு, அதுக்கு 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. மலையாளி, தெலுங்கன், கன்னடத்தான் எல்லாரும் சேந்து தமிழ்ல கத்தறான். அதக் கேட்டு எந்த ஊர் டீக்கடையிலயாவது எவனாச்சும் கோவிச்சிகிட்டானா?

சிப்பாய் பயப்படற மாதிரி காட்டிட்டான்னும் ஒரு கொறை. பாம்பென்றால் படையும் நடுங்கும்னு சொல்லி வச்சவன் நம்மாளு. பாம்புக்கே நடுங்கலாம், குண்டுக்கு நடுங்கக் கூடாதா?

இந்த வம்பெல்லாம் அந்தக் காலத்துல இல்ல. 1989-ல தூர்தர்ஷன்ல 'ஃபௌஜி'ன்னு ஒரு தொடர் வந்துது. பட்டாளத்துல கர்னலா இருந்த ராஜ்குமார் கபூர் எடுத்தது. ஷாருக்கான் அப்ப ஒட்டடக்குச்சிப் பய. ஒருத்தன் கூரை மேல ஏறி ஆண்டெனாவத் திருப்ப, ஒருத்தன் கீழ நின்னு "வந்துது, போச்சு, வந்துது"ன்னு கத்த, தெருவே கூடிப் பாத்தம். இந்தி ஒரு எழுத்தும் புரியல. அதனால விமர்சனமும் இல்ல. பசங்க ஓடறான், சேத்துல உருள்றான், திட்டு வாங்கறான். பட்டாளத்துக்குப் புள்ளய அனுப்பின ஆயா ஒண்ணு, "எம் புள்ளைக்கும் இப்படித்தான் சோறு போடறானா?"ன்னு மட்டும் கேட்டுது. இன்னிக்கு வரைக்கும் அத வுட நல்ல விமர்சனம் ஒண்ணும் என் காதுல வுழல.

ரியலிஸ்டிக்குன்னாரே அந்த டீக்கடை நிபுணரு, அத நான் சொல்றேன் கேளு. அந்தக் காலத்துல தபால்காரர் படிச்சிக் காட்டின இன்லண்டு லெட்டரு. அனுப்புனர் எடத்துல ஊர் பேரு இருக்காது. 56 ஏ.பி.ஓ.ன்னு மட்டும் இருக்கும். புள்ள பனியில இருக்கானா பாலைவனத்துல இருக்கானான்னு பெத்தவளுக்குத் தெரியாது. லீவு கெடைச்சா ஜம்முவுலேருந்து ஏறக்கொறைய மூணு நாள் ரயில்ல குந்திகிட்டு சென்னை. அங்கேருந்து கடலூரு. அப்பறம் நம்ம குறிஞ்சிப்பாடி டேசன். கருப்பு தகரப்பெட்டி, வெள்ளை பெயின்ட்டுல பேரும் நம்பரும். தறிக்குழியில லுங்கி நெய்யற அப்பன் கட்டைய நிறுத்திட்டு எழுந்து வருவான். பய மொத ரெண்டு நாளு தூங்குவான். இதுல பின்னணி இசைய எங்க போடுவ?

அவன் எழுந்து தெருவுக்கு வந்தா ஊரு என்னா கேக்கும்? "எல்லையில எப்படிப்பா இருந்துது?"ன்னா? அதான் இல்ல. "மாப்ள, கேன்டீன் ரம்மு ஒண்ணு தேறுமா?" உங்க சித்தப்பன் மொத ஆளா நிப்பான். 'அமரன்' பாத்துட்டு மூக்க சிந்தினவனும் அவன்தான்.

பொண்ணு கேட்டுப் போனா அத வுட வேடிக்கை. படத்துல அந்தப் பொண்ணோட அப்பன் பட்டாளத்தான் வேணாம்னு முறைச்சிகிட்டு நிக்கறப்ப, "என்னா மனுசன் இவன்"னு உங்க வூடே திட்டியிருக்கும். போன தையில ஒங்க அக்காவுக்கு ஒரு ஜாதகம் வந்துதே, ஞாபகம் இருக்குதா? பையன் நல்ல பையன், கெட்ட பழக்கம் கெடையாது. பட்டாளம்னு கேட்டதும் ஒங்க அம்மா என்னா சொன்னா? "நமக்கு நெய்வேலியில பர்மனன்ட்டு வேலையில இருக்கறவன் போதும்." நெய்வேலி மாப்ளய நானும் கொறை சொல்லல. மாசம் பொறந்தா சம்பளம், சாயங்காலம் ஆனா வூடு. ஆனா டிவிக்கு முன்னால மட்டும் வேற மாதிரி அழக் கூடாதுல்ல?

இப்ப கொஞ்சம் கிட்ட வா, சங்கடமான கதை ஒண்ணு சொல்றேன். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்னு ஒரு தமிழரு. பரம்வீர் சக்ரா வாங்கினவரு. அத வுடப் பெரிய விருது பட்டாளத்துல கெடையாது. 1987 நவம்பர் 25-ஆம் தேதி செத்தாரு. எங்க? பாகிஸ்தான் எல்லையிலயா? இல்ல, இலங்கையில. அமைதிப் படையில போனவரு. எதிர்ல நின்னு சுட்டவனும் தமிழன். அந்தப் படையில ஆயிரத்துக்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க. அங்க தமிழ்ச் சனங்க பட்ட பாடும் கொஞ்சநஞ்சம் இல்ல. 1990 மார்ச்சுல மிச்சப் படை சென்னைத் துறைமுகத்துல வந்து எறங்கினப்ப, முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல. என் இனத்தக் கொன்ன படைய எப்படி வரவேற்கறதுன்னு அவருக்கு ஒரு ஞாயம். சொன்ன எடத்துக்குப் போயிட்டு வந்த சிப்பாய்க்கு ஒரு ஞாயம்.

அந்தக் கதைய இதே மாதிரி உள்ளது உள்ளபடி எவனாச்சும் எடுத்து, ஞாயித்துக்கெழம டிவியில போடட்டும். அப்ப நான் உன் மூஞ்சியப் பாக்கணும். எந்தப் பக்கம் அழுவ? எந்த ஸ்டேட்டஸ் வைப்ப? அந்த மைக்குக்காரன் என்னா கேப்பான்? நம்ம பக்கமே அந்தப் படையில போயிட்டு வந்து பென்சன் வாங்கறவரு ஒருத்தர் இருக்காரு. வடலூர் பூசத்துக்குப் போனா சபை வாசல்ல ஒக்காந்திருப்பாரு. எல்லாத்தப் பத்தியும் பேசுவாரு, முந்திரி வெலையிலேருந்து முதலமைச்சர் வரைக்கும். அதப் பத்தி மட்டும் பேச்ச எடுத்தா துண்டத் தோள்ல போட்டுகிட்டு எழுந்துடுவாரு. எவன் பக்கம் நல்லவன்னு முன்னாடியே தெரிஞ்ச சண்டையிலதாண்டா உனக்கெல்லாம் கண்ணீர் தாராளமா வருது.

செரி, மூஞ்சிய தூக்கி வச்சிக்காத. பெருசு பேசினா அப்படித்தான் இருக்கும். இந்தா, மல்லாட்டைய எடுத்துக்க. ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிட்டு வுட்டுடறேன். 'அமரன்' நெட்ஃபிளிக்ஸுல வந்தது 2024 டிசம்பர் 5-ஆம் தேதி. வூட்டுக்கு வூடு அழுகைதான். ரெண்டு நாளு கழிச்சி டிசம்பர் 7. அது என்னா நாளு? தெரியாதா? கொடி நாள்டா. 1949-லேருந்து நடக்குது. செத்த சிப்பாய் குடும்பத்துக்கும், கை கால் போனவனுக்கும், முன்னாள் படைவீரருங்களுக்கும் பணம் சேக்கற நாளு. உண்டியத் தூக்கிகிட்டு வருவாங்க, சட்டையில குத்திக்க சின்னதா ஒரு கொடி குடுப்பாங்க. அன்னிக்கு நம்ம கடைத்தெருவுல எத்தன சட்டையில அந்தக் கொடி இருந்துது? நீ எவ்வளவு போட்ட?

சில்லறை இல்லன்னு சொன்னியாம், கேள்விப்பட்டேன். வர்ற டிசம்பர் 7-ஆம் தேதி உண்டி வரும். மாத்தி வச்சிக்க.