கோவணத்துக்கு டிசைன் தேவையில்லை

சேக்கிழார் நம்ம குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் சோழனிடம் அமைச்சர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அறுபத்துமூன்று நாயன்மார் கதையையும் எழுதி முடித்தார். (கோப்பில் கையெழுத்துப் போடவே நேரமில்லை என்பவர்கள் கவனிக்கவும்.) அந்த அறுபத்துமூவரில் நேச நாயனார் நெசவாளி. மனம் சிவன் திருவடியில், நாக்கு ஐந்தெழுத்தில், கை தறியில். உடையும் கீளும் கோவணமுமாக நெய்து அடியார்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வேலையையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்தார்? கோவணத்தில் அன்னப்பட்சி கிடையாது, அதனால்தான். கரையில் ஒரே ஒரு மயில் போடச் சொல்லியிருந்தால் ஐந்தெழுத்தும் இழைக்கணக்கும் கலந்து, நாயனார் பட்டியல் அறுபத்திரண்டோடு நின்றிருக்கும்.

பட்டில் மயில் விழ வேண்டுமானால், ஊடை என்கிற குறுக்கு நூல் போகும் ஒவ்வொரு முறையும், பாவு என்கிற நெடுக்கு நூல்களில் எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்பது யாருக்காவது நினைவிருக்க வேண்டும். காஞ்சிபுரத்து நெசவாளிகள் இதற்கு மண்டையை நம்பவில்லை. டிசைனை நூலிலேயே முடிந்து தறியில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் அடை. துணையாள் அடைநூலை வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக இழுப்பார். உரிய இழைகள் எழும்பும். நெசவாளி ஊடை நூல் சுற்றிய நாடாவை விடுவார். துணையாள் கண்ணயர்ந்தால் மயிலுக்கு மூன்றாவது கால் முளைக்கும். திட்டு மட்டும் இருவருக்கும்.

பிரான்ஸில் லியோன் பட்டு நெசவாளிகளுக்கும் இதே தலைவலிதான். நூலிழுக்கப் பையன்களை வைத்திருந்தார்கள். அந்தப் பையன்களை ஒழிக்க மேதைகள் வரிசையில் வந்தார்கள். 1725இல் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் ஓட்டை போட்டார். மூன்றே வருடத்தில் ஃபால்கோன் காகிதத்தை அட்டையாக்கினார். அடுத்து வந்த வோகான்சோன், தின்று கழிக்கும் இயந்திர வாத்தைச் செய்து பாரீஸை வாய்பிளக்க வைத்தவர். (கழித்தது முன்கூட்டியே உள்ளே வைத்த சரக்கு என்று பிறகு தெரிந்தது.) வாத்து செய்தவரைப் பட்டுத் தொழிலுக்கு ஆய்வாளராகப் போட்டது அரசு. லியோன் நெசவாளிகள் அவரைக் கல்லால் வரவேற்றார்கள். பூப்போட்ட துணியைக் கழுதைகூட நெய்யும் என்று காட்ட, கழுதை இழுக்கும் தறி செய்து அவர் பழிதீர்த்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

1804இல் ஜக்கார்டு இவர்கள் எல்லாருடைய சரக்கையும் ஒன்றாகப் பூட்டித் தன் பெயரை வைத்தார். ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், இழை எழும்பும், இல்லையென்றால் கிடக்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. நெப்போலியன் மகிழ்ந்து ஆண்டுக்கு 3000 பிராங்க் பென்ஷன் கொடுத்தார். பிறகு ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டை கொண்டு பட்டில் நெய்தார்கள். லண்டனில் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கும் அதே அட்டையைச் சேர்த்துக்கொண்டார், அந்தப் படத்தையும் தன்னிடம் வைத்திருந்தார். கணினிக்குத் தாத்தா ஜக்கார்டு என்று பாடம் எழுதினார்கள். அடை கட்டியவருக்குச் சித்தப்பா முறைகூடக் கொடுக்கவில்லை.

அந்த ஜக்கார்டு பெட்டி குன்றத்தூர்த் தறிகளின் தலைக்கு மேலும் ஏறியது. இழையைத் தூக்கும் கொக்கிகளை எண்ணி, 120 கொக்கி, 240 கொக்கி என்று பேச்சு மாறியது. கட்டக்காகிதத்தில் டிசைன் வரைந்து, அட்டை அடித்து, வரிசையாகக் கோத்து மாட்ட வேண்டும். வரிசை மாறினால் மயிலின் கழுத்து காலுக்குக் கீழே வரும். வரைகிற வேலையை இப்போது கணினி செய்கிறது, தாத்தா சொத்தைப் பேரன் திருப்பிக் கொடுப்பதைப் போல.

ஆனால் இத்தனை மேதைகளும் ஒன்றை விட்டுவிட்டார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அடை இழுத்தவரை அட்டை வீட்டுக்கு அனுப்பியது. கோர்வை ஆளை அதனால் அசைக்க முடியவில்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் எந்த மேதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

குன்றத்தூர் முருகனைப் பார்த்துவிட்டு மலையிறங்கி வந்து கைத்தறிக் கோர்வைப் புடவை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புடவையைப் புரட்டி, கரையும் உடலும் சேருமிடத்தைப் பாருங்கள். அது இரண்டு பேர் வேலை. பேரம் பேசியே தீருவதென்றால், அந்த இரண்டு கூலி போக மிச்சத்தில் பேசுங்கள்.