ஒட்டுப் போட்ட பல்

கேள்வி: எங்கள் சாலையில் போட்ட ஒட்டு ஒரு மழைக்கு நிற்பதில்லை. சொத்தைப் பல்லில் டாக்டர் ஒட்டிய வெள்ளை அடைப்பு மட்டும் எத்தனை வருஷம் நிற்குமாம்?
*– ஒரு வாசகர், ஐயப்பன்தாங்கல்*

பதில்: ஒட்டும்போது அந்த இடம் காய்ந்திருந்ததா? சாலைக்கும் பல்லுக்கும் கேள்வி இது ஒன்றுதான்!

எச்சில் படாமல், ரப்பர் ஷீட் கட்டி, பொறுமையாக ஒட்டிய அடைப்பு பத்து வருஷம் தாண்டியும் உழைக்கும். அந்தப் பிடிமானமே பெயின்ட் தொழிலிலிருந்து இரவல் வாங்கியது. உலோகத்தில் பெயின்ட் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவும் வழக்கத்தை, அமெரிக்கரான மைக்கேல் பியூனகோர் 1955இல் பல் எனாமலில் செய்து பார்த்தார். அமிலம் பட்ட இடத்தில் நுண்ணிய குழிகள் விழுந்தன. மேலே வைத்த பிசின் அவற்றில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

எனாமலில் அந்தப் பிடி உறுதி. அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் இயல்பாகவே ஈரம் உண்டு; வருஷம் போகப் போகப் பிடி தளரும். ஈறுக்குக் கீழே, எனாமல் இல்லாத இடத்துக்கு இறங்கிய அடைப்பு சீக்கிரம் தகராறு செய்வது இதனால்தான். பல அடைப்புகள் தாமாக விழுவதில்லை, ஓரத்தில் புதுச் சொத்தை புகுந்துதான் கெடுகின்றன. எனவே டாக்டர் ஒட்டியது பாதி வேலை. மீதி, ராத்திரி படுக்குமுன் பிரஷ் பிடிக்கும் உங்கள் கையில்.