மாலை ஆறு மணி மாமா

ஊருக்கு ஒரு நாட்டாமை, தெருவுக்கு ஒரு டீக்கடை, குடும்பத்துக்கு ஒரு செய்தி மாமா. நாட்டாமையும் டீக்கடையும் இல்லாத இடங்கள்கூட உண்டு. செய்தி மாமா இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் கிடையாது. சில வீடுகளில் அவர் பெரியப்பா, சில வீடுகளில் சித்தப்பா. எங்களுக்கு மாமா, இருப்பு மதுரை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மாதாமாதம் ஓய்வூதியம் வரும். பேரன் கழித்துக் கட்டிய ஸ்மார்ட்போன் கையில் இருக்கும். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். அதைத் தேடிக்கொண்டே செய்தி வாசிப்பார்.

2020-க்கு முன்பும் அவர் இருந்தார். ஆனால் அப்போது அவரிடம் செய்தி இருந்தது, கேட்க ஆள் இல்லை. அந்த ஆண்டு மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா பரவுவதால் இருபத்தொரு நாள் யாரும் வெளியே போகக் கூடாது என்றார். நாடே வீட்டுக்குள் உட்கார்ந்தது. மாமாவின் பொற்காலம் பிறந்தது.

அவருடைய அலுவலகம் வாட்ஸ்அப் குடும்பக் குழு. அதில் மதுரை, சென்னை, துபாய், நியூ ஜெர்சி என்று சொந்தம் மொத்தமும் அடக்கம். விடிந்தும் விடியாமலும் முதல் படம் வந்து விழும். செவ்வாய் முருகன், வியாழன் தட்சிணாமூர்த்தி, வெள்ளி மீனாட்சி, சனிக்கிழமை அழகர். ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணி மாதா. கடைசித் தம்பியின் மனைவி கிறிஸ்தவப் பெண் என்பதால் அந்த ஒதுக்கீடு. யாரோ ஒருவர் இதை மெதுவாகக் கிண்டிப் பார்த்தபோது, “காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குறப்ப எந்தக் கம்பெனின்னா பாக்குறோம்?” என்று ஒரே வரியில் விவாதத்தை முடித்துவிட்டார்.

செய்தி மாமாவின் அடிப்படைக் கொள்கை, செய்தி முதலில் போக வேண்டும். உண்மை பின்னால் நடந்து வரட்டும். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை. வைரஸின் ஆயுள் பன்னிரண்டு மணி நேரம், ஊரடங்கோ பதினான்கு மணி நேரம், ஆகவே இரவு ஒன்பதுக்குக் கொரோனா செத்திருக்கும் என்று ஒரு கணக்கு நாடெங்கும் சுற்றியது. மாமா அதைக் குழுவில் போட்டதோடு, இரண்டு மணி நேரம் உபரி என்று தன் பங்குக்கு ஒரு குறிப்பும் சேர்த்தார். அன்று மாலை ஐந்து மணிக்குக் கைதட்டச் சொன்னார்கள். கை போதாது என்று அத்தையின் சீர் தாம்பாளத்தை எடுத்து மாடியில் நின்று தட்டினார். தாம்பாளம் நசுங்கியது. வைரஸ் நசுங்கியதாகத் தகவல் இல்லை.

இரவில் ஹெலிகாப்டர் மருந்து தெளிக்கப் போகிறது, கொடியில் துணி காயப்போடாதீர்கள் என்றார். ரஷ்யத் தெருக்களில் ஐந்நூறு சிங்கங்களை அவிழ்த்துவிட்டிருப்பதாகச் சொன்னார். “நம்ம ஊர்ல எத்தனை விடுவாங்க?” என்று அத்தை கேட்டபோது மட்டும் பதில் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கை மாறிய செய்தியை இனி ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். உலகெங்கும் செய்தி மாமாக்கள் தலையில் இடி விழுந்தது. எங்கள் மாமா அசரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார். ஊரடங்கில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் நேரத்துக்குப் பஞ்சமில்லையே.

மாலை ஆறு மணிதான் அவருடைய உச்சிக்கால பூஜை. சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் செய்தியாளர்களைச் சந்திக்கும் நேரம் அது. மாமா கோடு போட்ட நோட்டும் பேனாவுமாகத் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்வார். இன்று பாதிப்பு, குணமானவர்கள், இறப்பு, மதுரைக்கு எத்தனை, சென்னைக்கு எத்தனை என்று கட்டம் கட்டி எழுதுவார். பிறகு டெல்லி வானொலியின் சரோஜ் நாராயணஸ்வாமி தோரணையில் நிறுத்தி நிதானமாக வாசித்து, குரல் பதிவாக அனுப்புவார். ஜூன் மாதம் அந்தப் பொறுப்புக்கு ஜெ. ராதாகிருஷ்ணன் வந்தபோது, “சுனாமியப்ப நாகப்பட்டினத்தைப் பார்த்துக்கிட்டவர்ப்பா” என்று தன் சார்பில் குழுவுக்கு உறுதிமொழி கொடுத்தார்.

கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி மே 5-ஆம் தேதி அதை மூடியபோது, சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மாமா உஷாரானார். வாசலில் வந்த தள்ளுவண்டிக்காரரை நிறுத்தி, “தக்காளி எங்கேயிருந்துப்பா வருது?” என்று விசாரித்தார். “செடியிலருந்து சார்” என்றார் அவர். மே 7-இல் டாஸ்மாக் கடைகள் திறந்து வரிசை நீண்டபோது, காபி தவிர வேறெதையும் தொடாத மாமா கொதித்துப்போய் ஒரு கண்டனக் குரல் பதிவு போட்டார். மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. தன் குரல் நீதிமன்றம் வரை எட்டிவிட்டதாக ஒரு வாரம் நம்பினார். அப்புறம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்துக் கடை திறந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மருத்துவத்தில் மாமா எந்த மருந்தையும் புண்படுத்தாதவர். காலையில் கபசுரக் குடிநீர், பத்து மணிக்கு மிளகு ரசம், மதியம் மஞ்சள் போட்டு ஆவி பிடித்தல், இரவு பாலில் மறுபடி மஞ்சள். சீக்கிரமே அவர் போட்ட பனியன்கூட மஞ்சளாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் ரமலான் தொடங்கியது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் நோன்புக் கஞ்சி அவரவர் வீட்டிலேயே கொதித்தது. பக்கத்து வீட்டு பாய் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மதில் மேல் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று குரல் கொடுப்பார். மாமா வாளியை வெந்நீரில் துடைத்து, நெற்றித் திருநீறு வியர்வையில் கரையக் கரையக் கஞ்சி குடித்து, “இதுல பூண்டு, வெந்தயம், இஞ்சி எல்லாம் இருக்கு, எதிர்ப்புச் சக்தி” என்று குழுவில் சான்றிதழ் வழங்குவார்.

மதுரைக்காரருக்குச் சித்திரை மாதம் வீட்டில் உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது. அந்த ஆண்டு தேர் ஓடவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4-ஆம் தேதி பட்டர்கள் சிலரோடு கோயிலுக்குள் நடந்தது; பக்தர்களுக்கு இணையத்தில் நேரலை. மாமா குளித்து, பட்டு வேட்டி கட்டி, கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்காரும் மிடுக்கோடு சோபாவில் அமர்ந்தார். மதுரை வழக்கப்படி, அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஏறும் நேரத்தில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள அத்தை மஞ்சள் கயிறோடு தயாராக நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சென்னையிலிருந்து மகள் அழைத்து, “அம்மா, இங்க தாலி கட்டியாச்சு” என்றாள். “எங்களுக்கு இன்னும் மாப்பிள்ளையே வரலைடி” என்றார் மாமா.

கல்யாணமாவது நடந்தது. அழகர் வைகையில் இறங்கவே இல்லை. பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் நாடு செழிக்கும், சிவப்பென்றால் இன்னது என்று பட்டின் நிறத்தை வைத்து ஆண்டுக்குப் பலன் சொல்லும் ஊர் இது. “எந்தப் பட்டுன்னே தெரியாம ஒரு வருஷத்தை எப்படி மாப்ள ஓட்டுறது?” என்று மாமா என்னிடம் புலம்பினார். அவர் அனுப்பிய எல்லாச் செய்திகளிலும் நான் முழுமையாக ஒப்புக்கொண்டது இதைத்தான்.

ஜூனில் ஒரு கல்யாணம் குடும்பத்திலும் வந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. எங்கள் பக்கத்தில் அத்தைமார்களை எண்ணினாலே ஐம்பதை நெருங்கும். பட்டியல் போடும் வேலை மாமாவிடம் வந்தது. அந்தப் பட்டியலால் அவர் சம்பாதித்த பகை இன்னும் முழுதாகத் தீரவில்லை. வர முடியாதவர்களுக்காகத் தானே போனைப் பிடித்து நேரலை செய்தார். முகூர்த்த நேரத்தில் நியூ ஜெர்சி சொந்தங்கள் கண்டது மண்டபத்து மின்விசிறியையும் மாமாவின் நெற்றியையும். கெட்டிமேளம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

இரவு ஒன்பது மணிக்கு மாமா வேறு ஆள். பகலெல்லாம் பயமுறுத்தியவர், இரவில் பாட்டுப் போடுவார். ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கடையில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து வாங்கிய டிடிகே கேசட்டுகள் இன்னும் அவர் பீரோவில் உண்டு. டேப் ரிக்கார்டரின் பெல்ட் அறுந்து பல காலமாகிவிட்டதால் பாட்டு போனிலிருந்தே வரும். சட்டம் ஒன்றுதான்: ‘ரோஜா’ வெளிவந்த 1992-க்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, அதெல்லாம் புதுப்பாட்டு. எங்களுக்கு அந்தப் படத்துப் பாட்டே பழைய பாட்டு என்பது அவருக்குத் தெரியாது. மாமா எஸ்.பி.பி. கட்சி, அத்தை டி.எம்.எஸ். கட்சி. இத்தனை ஆண்டு இல்லறத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே ஏற்படவில்லை.

பாட்டுக்கு முன்னால் இலங்கை வானொலி பாணியில் ஒரு முன்னுரை வரும். “இப்பாடலை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள், துபாயிலிருந்து பெரிய மருமகன், மடிப்பாக்கத்திலிருந்து கடைசித் தங்கை, அவர் கணவர் மற்றும் குழந்தைகள்...” என்று பட்டியல் நீளும். யாரும் எதையும் விரும்பிக் கேட்டிருக்கவில்லை. தான் ஒரு பாட்டை விரும்பிக் கேட்ட செய்தியே பெரிய மருமகனுக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் பெயர் வந்துவிட்டதால் மரியாதைக்கு ஒரு கும்பிடு பொம்மையாவது போட்டாக வேண்டும். போடாதவருக்கு மறுநாள் காலை போன் வரும்: “என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

ஆகஸ்ட் 5-ஆம் தேதி எஸ்.பி.பி. தனக்கு லேசான தொற்று என்று தானே வீடியோவில் சொல்லி மருத்துவமனைக்குப் போனார். மாமா கலங்கவில்லை. ‘அடிமைப்பெண்’ படத்துக்குப் பாட இருந்த நேரத்தில் டைபாய்டு வந்து படுத்த இளைஞருக்காக எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் காத்திருந்த கதையைக் குழுவில் பதிவிட்டார். “டைபாய்டுல கிடந்து எந்திரிச்சு வந்து பாடுனவர்ப்பா. இது என்ன பெரிய காய்ச்சல்?” உடல்நிலை மோசமானதும், ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே அவர் பாடலை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திப்போம் என்று பாரதிராஜா அழைப்பு விடுத்தார். மாலை ஆறு! அன்று மட்டும் மாமா நோட்டைத் திறக்கவில்லை, எண்ணிக்கை எழுதவில்லை. போனை மாடிச் சுவரில் வைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டார். பக்கத்து வீட்டு பாயும் ஜன்னலைத் திறந்து வைத்தார். டி.எம்.எஸ். கட்சி அத்தை விளக்கேற்றினார்.

செப்டம்பர் 25 மதியம் எஸ்.பி.பி. மறைந்த செய்தி வந்தது. குழுவில் அதை மாமா போடவில்லை. எல்லாச் செய்தியையும் முந்தித் தந்தவர், உண்மையான ஒரு செய்தியைத் தர மறுத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் ஒருநாள் விடிந்தது. குழுவில் சாமி படம் வரவில்லை. ஏழு மணிக்கு நியூ ஜெர்சி விசாரித்தது. எட்டு மணிக்கு மடிப்பாக்கம் அழ ஆரம்பித்தது. மாமாவின் செய்திகளுக்குப் பயந்து அடைத்து வைத்திருந்த குழுவின் ஒலியை ஆளாளுக்குத் திறந்தார்கள். ஒன்பது மணிக்கு அத்தையின் போன் விடாமல் அடிக்க, எடுத்து எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்: “அவருக்கு ஒண்ணுமில்ல. சார்ஜர்தான் போச்சு. இன்னிக்கு ஒருநாள்தான் வீடு நிம்மதியா இருக்கு, நீங்க வேற.”

செய்தி மாமாவின் கணக்கைப் பார்த்தால் தீர்ப்பு இதுதான்: அவர் அனுப்பிய தகவலில் பாதிக்கு மேல் பொய், மருந்தில் பாதி மஞ்சள், ஆனால் அவர் எடுத்த வருகைப்பதிவில் ஒருநாளும் பிழையில்லை. யார் இருமுகிறார்கள், யார் வேலை போனதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், யார் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை அரசாங்கப் புள்ளிவிவரம் எடுக்கவில்லை. விரும்பிக் கேட்காத பாட்டின் நேயர் பட்டியலில் மாமா எடுத்தார்.

உங்கள் குடும்பக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் அனுப்பும் மருத்துவக் குறிப்பை நம்பாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். அவர் அனுப்பும் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். காலை வணக்கத்துக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.